ரோஸ் புகை கேட்ட வீட்டார்

எங்கே புகை எழுந்தாலும், அடியில் எரிகிற நெருப்புக்கு என்ன கோளாறு என்று தினேஸ்வரி சொல்லிவிடுவாள். கேட்டவர்களுக்கு மட்டும் சொன்னால் பரவாயில்லை. கேட்காதவர்களுக்கும் சொல்வாள். அதுதான் அவளோடு வெளியே போகிறவர்களுக்குச் சிரமம்.

பெர்ச்சாமில் கரியடுப்பில் சாத்தே இறைச்சிக் குச்சி சுடுகிற மலாய்க்காரரிடம் போய், கரி ஈரமாக இருக்கிறது, வெயிலில் காயப்போடுங்கள் என்று மலாயில் சொல்லிவிட்டு வருவாள். சிவப்பு விளக்கில் காரை நிறுத்தினால், பக்கத்து மோட்டார் சைக்கிளின் நீலப் புகையைப் பார்த்துக் கண்ணாடியை இறக்குவாள். "தம்பி, ரிங் போச்சு. எஞ்சின் ஆயில் எரியுது. இன்னிக்கே பட்டறைக்குக் கொண்டு போ." ஒருமுறை கோயிலில் யாகம் நடந்தபோது, மண்டபமே இருமிக்கொண்டிருந்த நேரத்தில், குருக்களிடம் நேராகப் போய், "கட்டைய நெருக்கி அடுக்கிட்டீங்க ஐயரே, காத்து போக வழியே இல்ல" என்றாள். அவள் கணவன் தர்மேந்திரன் லாரி ஓட்டுகிறவன், கூச்ச சுபாவம். அன்று முதல் கோயிலில் அவன் அவளுக்கு நாலு வரிசை தள்ளித்தான் உட்காருகிறான்.

இந்தப் பழக்கம் அவளுக்குக் கமுந்திங்கில் வந்தது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் அவள். பால்மரத்தை வெட்டிச் செம்பனை போட்டு, பிறகு செம்பனையையும் வெட்டி வீடு கட்டியபோது, குடும்பம் ஈப்போவில் ஓர் அடுக்குமாடிக்கு வந்தது. ஐந்தாம் படிவம் முடித்ததும் கமுந்திங்கில் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். கையுறைகளை எண்ணிப் பெட்டியில் அடைக்கிற வேலை. நாள் முழுதும் நின்றபடியே செய்யவேண்டும். ஒருநாள் கழிவறைக்குப் போகிற வழியில் பாய்லர் அறையை எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒரு நாற்காலி இருந்தது. முதுகு சாய்கிற நாற்காலி. அதில் ஒரு மனிதர் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் அவருடைய வேலை என்று கேள்விப்பட்டதும், பாய்லர் பரீட்சைக்கு எழுதிப் போட்டுவிட்டாள்.

நேர்முகத்தில் தேர்வாளர் கேட்டார்: "புகைபோக்கியில் கறுப்பாகப் புகை வந்தால் என்ன அர்த்தம்?"

"சுற்றுச்சூழல் அதிகாரி வரப்போறார்னு அர்த்தம்."

அவர் சிரித்து முடிக்கச் சற்று நேரம் பிடித்தது. பிறகு, அடுப்பில் எரிபொருள் அதிகம், காற்று குறைவு, எரியாத கரி மேலே போகிறது என்று ஒழுங்கான பதிலையும் சொன்னாள். சான்றிதழ் கிடைத்தது. நாற்காலியும் கிடைத்தது. ஆனால் அதில் உட்கார நேரம் கிடைக்கவில்லை என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. அங்கே எரித்தது செம்பனைக்கொட்டை ஓடு. கொஞ்சம் கூடுதலாக விழுந்தால் கறுப்பு, மழையில் நனைந்திருந்தால் வெள்ளை. அவள் அந்தப் புகைபோக்கியோடு மல்லுக்கட்டிக் கடைசியில் அதை வழிக்குக் கொண்டுவந்தாள். அவள் வேலையில் இருந்தால் புகைபோக்கியின் வாயில் காற்று லேசாக நெளிவது தெரியும், வேறொன்றும் தெரியாது. பாய்லர் நின்றுவிட்டதோ என்று மேலாளர் இரண்டு முறை ஓடிவந்து பார்த்திருக்கிறார். அந்த இரண்டு முறையையும் தினேஸ்வரி பதக்கம் மாதிரி சொல்லிக்கொள்வாள்.

தொற்றுநோய் காலத்தில் உலகமே கையுறை கேட்டது. நோய் அடங்கியதும் கேட்பாரில்லை. வரிசை வரிசையாக இயந்திரங்களை நிறுத்தினார்கள், பாய்லரும் அணைந்தது. ஈப்போவுக்குத் திரும்பி வீட்டில் உட்கார்ந்த தினேஸ்வரி, பக்கத்து வீட்டார் கொளுத்துகிற கொசுவர்த்தியைக் குறைசொல்லத் தொடங்கினாள். தர்மேந்திரன் பயந்துபோய் அவளுக்கு வேலை தேடினான். பேஸ்புக்கில் கண்டுபிடித்தும் விட்டான்.

சிம்மோருக்குப் போகிற வழியில், சுண்ணாம்பு மலையடிவாரத்தில், பழைய ரப்பர் தோட்டம் ஒன்றை வாங்கிச் சுற்றுலாப் பூங்கா ஆக்கியிருந்தார் குமரப்பன். செட்டிநாட்டுக் குடும்பம், ஈப்போவில் பெரிய வியாபாரம். ஜாவாவில் மூடிப்போன ஒரு சர்க்கரை ஆலையிலிருந்து குட்டி நீராவி எஞ்சின் ஒன்றைக் கப்பலில் கொண்டுவந்து, மிச்சமிருந்த பால்மரங்களைச் சுற்றித் தண்டவாளம் போட்டிருந்தார். பின்னால் நாலு திறந்த பெட்டிகள். எஞ்சினை ஓட்ட ஜெயபாலன் இருந்தார். கோலாலம்பூருக்கு எக்ஸ்பிரஸ் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வெள்ளைத் தொப்பியைத் தானே வாங்கி வைத்துக்கொண்டவர். நெருப்புப் பார்க்கச் சான்றிதழ் உள்ள ஆள்தான் கிடைக்காமல் இருந்தது.

தினேஸ்வரி வந்து ஒரு வாரத்தில் எஞ்சினைப் பழக்கிவிட்டாள். காய்ந்த பால்மரக் கட்டையும் கொட்டை ஓடும் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக, காற்று பார்த்துப் போட்டாள். எஞ்சின் மலையடிவாரத்தைச் சுற்றி வந்தது. புகைபோக்கியில் ஒன்றுமே தெரியவில்லை. அவள் எஞ்சினிலிருந்து இறங்கி, யாராவது பாராட்டுவார்கள் என்று இடுப்பில் கைவைத்து நின்றாள்.

மறுவாரம் குமரப்பன் கைப்பேசியோடு வந்தார்.

"தினேஸ்வரி, இங்க வாம்மா. ஜனங்க என்ன எழுதியிருக்காங்கன்னு கேளு. 'ஏமாற்று வேலை. பேட்டரியில் ஓடும் ரயில்.' இன்னொருத்தர், 'உள்ளே லாரி எஞ்சின் வைத்திருக்கிறார்கள்.' இவரு ஒருத்தர், 'என் மகன் புகை பார்க்க வந்து அழுதான்.'"

"பாஸ், புகை தெரியலன்னாதான் நெருப்பு நல்ல நெருப்பு. போட்டதெல்லாம் எரிஞ்சிடுது. மிச்சம் இருந்தாத்தானே மேல வரும்."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். டிக்கெட் வாங்கி வர்றவனுக்கு ரயில்னா குபுகுபுன்னு கறுப்பா வரணும். போலே? முடியுமில்ல?"

"வேணும்னே கெட்ட நெருப்பு போடச் சொல்றீங்க."

"கொஞ்சமா கெட்ட நெருப்பு. படம் பிடிக்கிற இடத்துல மட்டும்."

நன்றாகச் சமைக்கிறவளைக் கூப்பிட்டுச் சோற்றைக் கருக்கிக் கொடு என்றால் எப்படியிருக்கும்? தினேஸ்வரிக்கு அப்படித்தான் இருந்தது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், படம் பிடிக்கிற வளைவு வந்ததும், கண்ணை மூடிக்கொண்டு நாலு மண்வாரிக் கொட்டை ஓட்டை ஒரேயடியாகக் கொட்டிக் காற்றுக் கதவைச் சாத்தினாள். கறுப்பு மலைபோல் எழுந்தது. பெட்டிகளில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஜெயபாலன் தொப்பியைத் தூக்கிக் காட்டினார். பக்கத்துத் தாமான் குடியிருப்பில் அன்று துணி காயப்போட்டிருந்த அம்மா ஒருவர் மட்டும் கைதட்டவில்லை. புள்ளி விழுந்த பள்ளிச் சீருடைகளைக் கூடையோடு கொண்டுவந்து அலுவலக மேசைமேல் கவிழ்த்தார். அதற்குப் பிறகு காற்று மலைப்பக்கம் அடிக்கிற நாளில் மட்டும்தான் கறுப்பு என்று முடிவாயிற்று.

அடுத்து கல்யாண ஜோடிகள் வந்தார்கள். அவர்களுக்கு வெள்ளை வேண்டும். அது சுலபம். சிலிண்டருக்கு அடியில் உள்ள வடிகுழாயைத் திறந்தால் நீராவி மேகமாகப் பொங்கும். மணப்பெண்ணைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள் என்று தினேஸ்வரி சொன்னதைப் படம் பிடிக்கிறவர் கேட்கவில்லை. மேகத்திலிருந்து வெளியே வந்த மணப்பெண்ணை மாப்பிள்ளைக்கே சட்டென்று அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு ஒப்பனையும் கழுத்துக்கு இறங்கியிருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில்தான் ஷர்வினும் சாந்தினியும் வந்தார்கள். இருவரும் ஈப்போவில் வேலை செய்கிறவர்கள். சாந்தினி ஆறு மாதக் கர்ப்பிணி. குமரப்பன் அவர்களைத் தினேஸ்வரியிடம் அழைத்து வந்தார். அவர் முகத்தில் புது யோசனை வந்தவருடைய மினுமினுப்பு இருந்தது.

"பிள்ளை ஆணா பெண்ணான்னு சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்ற விசேஷம். பலூன் உடைப்பாங்க, கேக் வெட்டுவாங்க. நாம புகையில சொல்லப்போறோம். நீலம் வந்தா ஆண், ரோஸ் வந்தா பெண்."

தினேஸ்வரி அவரையே பார்த்தாள். "ரோஸ் எந்த நெருப்புலயும் வராது பாஸ்."

"அக்கா, எங்களுக்கே என்ன பிள்ளைன்னு தெரியாது," என்றாள் சாந்தினி. "ஸ்கேன் பண்ணினப்போ எங்கக்கா கலாதேவிகிட்ட மட்டும்தான் சொல்லச் சொன்னோம். அவ உங்ககிட்ட சொல்வா. நீங்க யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது."

கலாதேவி மறுநாள் வந்தாள். எஞ்சின் கொட்டகையின் மூலைக்குத் தினேஸ்வரியைக் கூட்டிப்போய், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, காதோடு காதாகச் சொன்னாள். பெண்பிள்ளை. கேட்ட நிமிடத்திலிருந்து தினேஸ்வரிக்கு நிம்மதி போயிற்று. ஊரில் உள்ள புகையைப் பற்றியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்க்கு, ஒரு விஷயத்தைச் சொல்லாமல் வைத்திருப்பது பெரிய பாரம். தர்மேந்திரனிடம்கூடச் சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை. அது அவளுக்கு இன்னும் எரிச்சல்.

குமரப்பன் ஆன்லைனில் ரோஸ் புகைக்குப்பி ஒன்றை வாங்கிக் கொடுத்தார். வளையத்தை இழுத்தால் வண்ணப்புகை கக்குகிற வகை. அதைப் புகைபோக்கியின் விளிம்பில் கம்பியால் கட்டி, வளையத்தில் ஒரு கயிறு போட்டு, எஞ்சினுக்குள் இழுத்து வைத்தாள். ஏற்பாடு இதுதான்: பால்மர வளைவிலிருந்து ரயில் புகையே இல்லாமல் வெளியே வரும். திடலில் எல்லாரும் காத்திருப்பார்கள். ஜெயபாலன் விசில் கொடுப்பார். அவள் கயிற்றை இழுப்பாள். வேறெந்த நிறமும் இல்லாமல் ரோஸ் மட்டும் எழும். சுத்தமான நெருப்புக்கு ஒருவழியாக ஒரு தேவை வந்ததே என்று தினேஸ்வரிக்குச் சந்தோஷம். அன்று விடிந்ததிலிருந்து நெருப்பைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டாள். அவள் பார்க்காமல் விட்டது ஜெயபாலனை.

அவருக்கு அன்று பெருமை தாங்கவில்லை. இவ்வளவு பேர் வருகிறார்கள், வீடியோ எடுக்கிறார்கள், எஞ்சின் எண்ணெய் வழிய வழிய ஓடவேண்டும் என்று நினைத்தார். அவள் கட்டை எடுக்கப் போன நேரத்தில், சிலிண்டருக்கு எண்ணெய் விடுகிற கிண்ணத்தை வாய்வரை நிரப்பி, திருகையும் முழுதாகத் திறந்து வைத்தார். பஸ் ஓட்டிய காலத்தில் எண்ணெய் குறைந்தால்தான் கெடுதி என்று பழகியவர்.

சொந்தக்காரர்கள் வேன் வேனாக வந்து இறங்கினார்கள். ஷர்வினின் அப்பா பெயர் பத்துமலை; சித்தியவானிலிருந்து உறுமி மேளத்தோடு வந்திருந்தார். பெரிய மீசை, பெரிய குரல். அவருக்கு முதல் வரிசையில் நாற்காலி. "தாத்தாவுக்கு ஆம்பளப் பிள்ளதான் வேணும், வேற என்ன" என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லிச் சிரித்தார்கள். அவர் மீசையைத் தடவிக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்தபடி இருந்தார்.

ரயில் வளைவிலிருந்து வெளியே வந்தது. ஜெயபாலன் கம்பீரமாக விசிலை இழுத்து, கூடவே நீராவிப் பிடியையும் தாராளமாகத் திறந்தார். சிலிண்டரில் தேங்கியிருந்த எண்ணெயெல்லாம் சூட்டில் கருகி, நீராவியோடு புகைபோக்கி வழியே பாய்ந்தது. பச்சை மரங்களுக்கு முன்னால் அது அழகான நீலமாக எழுந்தது.

"நீலம்! நீலம்!" என்று யாரோ கத்தினார்கள். உறுமி அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஷர்வினை நண்பர்கள் தூக்கிச் சுற்றினார்கள்.

தினேஸ்வரி வெளியே எட்டிப் பார்த்தாள். ஒரு கணத்தில் புரிந்துவிட்டது. "அண்ணே, எண்ணெய் போட்டீங்களா?"

"நல்லா போட்டிருக்கேன் தங்கச்சி. எப்படி வழுக்கிக்கிட்டுப் போவுது பாத்தியா?"

அவள் பதறிக் கயிற்றை இழுத்தாள். குப்பி வெடித்தது போலப் புகை கக்கியது. ஆனால் கீழிருந்து வருகிற நீலத்தோடு கலந்து, கத்தரிக்காய் நிறத்தில் ஏதோ சுருண்டு போனது. நீலத்தை எப்படியாவது மறைக்கவேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. பழக்கத்தில் கை மண்வாரிக்குப் போயிற்று. நாலு வாரி கொட்டை ஓட்டைக் கொட்டிக் காற்றுக் கதவைச் சாத்தினாள். கறுப்பு புரண்டு எழுந்து எல்லாவற்றையும் விழுங்கியது. அதன் ஓரத்தில் ரோஸ் ஒரு வால் மாதிரி ஆடியது.

உறுமி ஒவ்வொன்றாக நின்றது. சாந்தினி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். சின்னம்மா முறையுள்ள ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "நீலம், ரோஸ், கறுப்பு. அப்போ மூணு பிள்ளையா?"

"மூணாவது என்னா?" என்றார் இன்னொருவர்.

ரயில் நின்றது. தினேஸ்வரி இறங்கி வந்தாள். முகமெல்லாம் கரி. கையில் இன்னும் மண்வாரி. குமரப்பன் ஓடிவந்து அவள் கையில் மைக்கைத் திணித்தார்.

"எல்லாரும் கேளுங்க," என்றாள். "நீலமா வந்தது எண்ணெய். எஞ்சின் எண்ணெய் கருகினா நீலமாத்தான் வரும், உங்க மோட்டார் சைக்கிள்லயும் அப்படித்தான். அது ஜெயபாலன் அண்ணன் போட்டது. கறுப்பு நான் போட்டது. கொட்டை ஓடு அதிகமாயி, காத்து பத்தாம, எரியாத கரி மேல போச்சு. இப்போ இங்க வெள்ளையா சீறிக்கிட்டு இருக்கே, அது புகையே இல்ல, தண்ணி ஆவி. இதுல ரோஸ் மட்டும்தான் பிள்ளை."

பிறகு சாந்தினி சிரிக்கத் தொடங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, நிறுத்த முடியாமல் சிரித்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். பத்துமலை மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து தினேஸ்வரியிடம் வந்தார்.

"தங்கச்சி. அந்த நீலம் நிச்சயமா எண்ணெய்தானா?"

"ஆமாங்கண்ணே. மன்னிச்சிருங்க. உங்களுக்கு ஆம்பளப் பிள்ள ஆசை…"

"யார் சொன்னா?" என்றார் பத்துமலை. குரல் திடலைத் தாண்டிப் போயிற்று. "எனக்கு ஏற்கெனவே நாலு பேரனுங்க. வீட்டுல ஒரு கதவு ஒழுங்கா இல்ல. ரெண்டு டிவி உடைஞ்சி இப்ப மூணாவது டிவி. பொம்பளப் பிள்ள வேணும்னு நான் மூணு வருசமா கும்பிட்டுக்கிட்டு இருக்கேன். நீலத்தைப் பாத்ததும் அஞ்சாவதும் பையனான்னு ஆயிருச்சு. சும்மா ஆறுதலுக்குச் சொல்லாத. எண்ணெய்தான்னு காட்டு."

"எப்படிண்ணே காட்றது?"

"எண்ணெய் இல்லாம மறுபடி ஓட்டிக் காட்டு. நீலம் வரக்கூடாது."

ஜெயபாலன் எண்ணெய்க் கிண்ணத்தைக் காலிசெய்து அளவாக விட்டார். அந்த நேரம் முழுதும் தொப்பியைக் கழற்றித் தண்ணீர்ப்பெட்டி மேல் வைத்திருந்தார். தினேஸ்வரி அடுப்பைக் கிளறி, காற்றுக் கதவைத் திறந்து, கறுப்பு தெளிகிறவரை காத்திருந்தாள். பிறகு ஒரு சுற்று வெறும் வண்டியாகப் போய் மிச்ச எண்ணெயை ஊதித் தள்ளிவிட்டு வந்தார்கள். பத்துமலை தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே, நெற்றியில் கைவைத்து, புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். ரயில் வளைவிலிருந்து வந்தது. புகைபோக்கிக்கு மேலே காற்று கொஞ்சம் நெளிந்தது. அந்த நெளிவுக்குப் பின்னால் மலை அசைவது போலத் தெரிந்தது. வேறொன்றும் இல்லை.

"ஒண்ணும் வரல," என்றார் பத்துமலை. பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, பெரிய குரலில், "ஒண்ணுமே வரல!" என்றார். உறுமி பிளந்துகொண்டு கிளம்பியது. எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். ஒன்றுமில்லாத புகைபோக்கிக்கு அவ்வளவு கைதட்டலை அதற்கு முன் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தினேஸ்வரிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மண்வாரியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். கண் எரிந்தது. கரி பட்டுவிட்டது என்று ஜெயபாலனிடம் சொன்னாள்.

பத்துமலை தன் பழைய காரின் பின்பக்கத்தைத் திறந்து, துணி போட்டு மூடி வைத்திருந்த ரோஸ் நிற மூன்று சக்கர சைக்கிள் ஒன்றை இறக்கினார். பிள்ளை பையன் என்று தெரிந்தால் அதை யாருக்கும் தெரியாமல் கடையில் மாற்றிக்கொள்வதாக இருந்தாராம்.

சாந்தினிக்கு மழைக்காலத்தில் பெண் பிறந்தது. கலாதேவி படம் அனுப்பினாள். தினேஸ்வரி அதைத் தர்மேந்திரனிடம் காட்டி, "எனக்கு மூணு மாசமா தெரியும்" என்றாள். "எனக்கும்தான் தெரியும்," என்றான் அவன். "தூக்கத்துல சொன்னே."

அந்த வீடியோவைப் பேராக் மாநிலம் முழுதும் பார்த்துவிட்டார்கள். தெற்குக் கோடியில் இருக்கிற பாகான் டத்தோவிலிருந்துகூட ஆட்கள் வந்து, மூன்று நிறத்தில் புகைவிடுகிற ரயில் இதுதானா என்று விசாரித்தார்கள். குமரப்பனுக்கு யோசனைக்கு மேல் யோசனை. போன மாதம் ஒரு காற்பந்து ரசிகர் குழு வந்தது. மாநிலக் கொடியின் நிறங்களில் புகை வேண்டுமாம்: வெள்ளை, மஞ்சள், கறுப்பு.

"வெள்ளையும் கறுப்பும் சுசா இல்ல, சுலபம்தான் பாஸ்," என்றாள் தினேஸ்வரி. "மஞ்சளுக்குக் குப்பி வாங்காதீங்க. எனக்கு ஒரு யோசனை இருக்கு." அவள் வெட்டி இரண்டு நாள்கூட ஆகாத பச்சைப் பால்மரக் கட்டைகளைக் கொண்டுவரச் சொன்னாள். ஈரமும் பசையுமாக இருக்கிற கட்டையைத் திடீரென்று சூட்டில் போட்டால், எரிவதற்கு முன்னால் கனமாக, மஞ்சள் கலந்த ஒரு பழுப்புப் புகை கிளம்பும். கையுறைத் தொழிற்சாலையில் கொட்டை ஓட்டோடு பச்சைக் கட்டையும் கலந்து வந்ததற்காகவே அவள் ஒரு காண்டிராக்டரின் லாரியைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

வேலை நாள் ஒன்றில், ஆளில்லாத நேரத்தில், மூவரும் சோதித்துப் பார்த்தார்கள். புகை எழுந்தது. ஜெயபாலன் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"தே தாரே டீ கலர்ல இருக்கு."

"மஞ்சள்தான்," என்றார் குமரப்பன், கைப்பேசியில் படம் பிடித்தபடி. "வெயில் பட்டா மஞ்சளாத் தெரியும்."

"அது ஈரக்கட்டை பாஸ்," என்றாள் தினேஸ்வரி. இருமிக்கொண்டே இன்னொரு கட்டையை எடுத்து முகர்ந்து பார்த்து, நிறம் இன்னும் ஏறட்டும் என்று அதைவிட இளசான ஒன்றைத் தேடத் தொடங்கினாள்.